சு. கரிவரதன்

சு. கரிவரதன் (1954 – 1995) தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுநரும் பந்தய வண்டி வடிவமைப்பாளரும் ஆவார். பந்தய வட்டாரங்களில் இவர் கரி என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டார். மாருதி 800 மகிழுந்தின் பொறியைக் கொண்டு இயங்கும் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கியதற்காக இவர் பெரிதும் நினைவுகூரப்படுகிறார். செல்வந்தர்களின் இறக்குமதி வண்டிகள் முன்னணியில் நின்ற இந்தியப் பந்தயக் களத்தில், சந்தையில் எவரும் வாங்கக்கூடிய ஓர் உள்நாட்டுப் பொறியை மட்டுமே தகுதியுடையதாக ஏற்கும் பந்தய வகுப்பு வேரூன்ற இவரது வண்டி வழிசெய்தது. இவ்வகுப்பின் பந்தயங்கள் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பல ஆண்டுகள் நடைபெற்றன. ஃபார்முலா 1 போட்டிகளில் பங்கேற்ற இந்தியர்களான நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் தம் தொடக்க காலத்தில் இவ்வகை வண்டிகளை ஓட்டியவர்கள் ஆவர்.

பெயரும் குடும்பப் பின்னணியும்

கரி என்னும் சொல் தமிழில் யானையைக் குறிக்கும். யானைக்கு அருள்புரிந்த திருமாலின் பெயர்களுள் ஒன்று கரிவரதன் ஆகும். இவரது பெயரின் முதலெழுத்து சுந்தரம் என்பதன் சுருக்கமாகும்.

இவர் கோயம்புத்தூரின் இலட்சுமி மில்ஸ் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்நூற்பாலை 1910 இல் கோ. குப்புசாமி நாயுடுவால் தொடங்கப்பட்டது. நூற்பாலைகளுக்குத் தேவைப்பட்ட உதிரிப் பாகங்களை உள்ளூரிலேயே செய்யத் தொடங்கியதன் விளைவாக, கோயம்புத்தூரில் வார்ப்பாலைகளும் கடைசல் பட்டறைகளும் நீரேற்றுப் பொறித் தொழிற்சாலைகளும் பெருகின. இந்தியாவில் தயாரான முதல் மின்னோடியுடன் தொடர்புடைய ஜி. டி. நாயுடுவும் இந்நகரத்தின் தொழில் மரபைச் சேர்ந்தவரே. ஒரு பாகம் கிடைக்காவிட்டால் அதனைத் தாமே வார்த்துக் கடைந்து செய்துகொள்ளும் வழக்கம் இந்நகரப் பட்டறைகளில் வேரூன்றியிருந்தது. கரிவரதனின் பிற்காலப் பணியைப் புரிந்துகொள்ள இப்பின்னணி இன்றியமையாதது. பந்தய வண்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய பொருளாகக் கருதாமல், பட்டறையில் செய்யக்கூடிய பொருளாக இவர் கருதினார்.

சோழவரம் காலம்

கரிவரதன் 1970களில் பந்தயங்களில் பங்கேற்கத் தொடங்கினார். அக்காலத்தில் தென்னிந்தியாவின் முதன்மையான பந்தயக் களம் சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தை அடுத்துள்ள சோழவரம் ஆகும். இது இரண்டாம் உலகப் போர்க் காலத்து வானூர்தி ஓடுபாதை. 1953 இல் தொடங்கப்பட்ட சென்னை தானுந்து விளையாட்டு மன்றம் இங்குப் பந்தயங்களை நடத்தி வந்தது. ஓடுபாதைகளையே தடமாகக் கொண்டதால் நீண்ட நேர்ப்பகுதிகளும் கூர்மையான சில திருப்பங்களும் அமைந்திருந்தன. இத்தகைய தடத்தில் நேர்ப்பகுதியில் எட்டும் உச்ச வேகமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது. உச்ச வேகத்தைத் தீர்மானித்ததோ பொறியின் திறன்.

பொறிகள் வாய்த்த விதம் சமமாக இல்லை. இந்தியாவில் அப்போது தயாரான மகிழுந்துகள் மிகச் சிலவே. அம்பாசடர் 1489 சி.சி. பொறியையும், பிரீமியர் பத்மினி 1089 சி.சி. பொறியையும் கொண்டிருந்தன. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பொறி 948 சி.சி. கொள்ளளவு உடையது. இம்மூன்றுமே 1950களின் ஐரோப்பிய வடிவமைப்புகளை அடிப்படையாகக் கொண்டவை. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் உயர்ந்த சுங்க வரியும் இருந்ததால், புதிய வெளிநாட்டுப் பொறிகள் பெரும்பொருள் படைத்தோருக்கே எட்டின. முன்னாள் அரச குடும்பத்தினரும் தொழிலதிபர்களும் வெளிநாட்டுப் பந்தய வண்டிகளைச் சோழவரத்திற்குக் கொண்டுவந்தனர். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா இங்கு என்சைன் வகை ஃபார்முலா 1 வண்டியை ஓட்டினார். மறுபுறம், பட்டறைக்காரர்களும் மாணவர்களும் பழைய ஹெரால்டு, ஃபியட் வண்டிகளைத் தம் கைப்படத் திருத்தி ஓட்டிவந்தனர். இவ்விரு தரப்பினரும் ஒரே தடத்தில் ஓடினாலும், அவர்களிடையே உண்மையான போட்டி நிகழ்வது அரிதாகவே இருந்தது.

கரிவரதன் வசதி படைத்த குடும்பத்தவர். வெளிநாட்டு வண்டிகளை வாங்கி ஓட்டுவதோடு இவர் நின்றிருக்க முடியும். ஆனால் சூப்பர் ஸ்பீட்ஸ் என்ற பெயரில் கோயம்புத்தூரில் இயங்கிய தமது பணிமனையில் வண்டிகளை உருவாக்குவதில் இவர் கவனம் செலுத்தினார்.

பொறித் தகுதி விதிகளின் மரபு

எந்தப் பொறி பந்தயத்திற்குத் தகுதியானது என்னும் கேள்வி, பொழுதுபோக்கு நிலைப் பந்தயங்கள் தோன்றிய காலந்தொட்டே இருந்து வருகிறது. இதற்கு உலகில் இருவேறு விடைகள் காணப்படுகின்றன.

முதலாவது, பொறிகளைப் பல வகுப்புகளாகப் பிரிப்பது. ஐக்கிய அமெரிக்காவின் உலர் ஏரிப் படுகைகளிலும் உப்புத் தரைகளிலும் நடைபெறும் நிலவேகப் போட்டிகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். தெற்குக் கலிபோர்னியா வேகப் பந்தயச் சங்கம் 1937 இல் அமைக்கப்பட்டது. யூட்டா மாநிலத்தின் பொன்னவில் உப்புத் தரையில் 1949 முதல் வேக வாரம் நடத்தப்பட்டு வருகிறது. இங்கு வண்டிகள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொரு வண்டியும் தனித்து ஓடித் தன் வகுப்பின் சாதனையோடு போட்டியிடுகிறது. பொறியின் கொள்ளளவுக்கேற்ப வகுப்பு மாறும். பழைய பொறிகளுக்கெனத் தனி வகுப்புகளும் உள்ளன. 1932 முதல் 1953 வரை தயாரான ஃபோர்டு, மெர்க்குரி மகிழுந்துகளின் பக்க வால்வு வி8 பொறிக்கு ஒரு தனி வகுப்பு இருப்பது குறிப்பிடத்தக்கது. புதிய பொறிகளோடு மோதித் தோற்க வேண்டிய நிலை இல்லாததால், அப்பழைய பொறியை வைத்திருப்போர் பல பத்தாண்டுகளாக அதனைச் செம்மைப்படுத்தி வருகின்றனர்.

இரண்டாவது, ஒரே ஒரு பொறியை மட்டும் அனுமதிப்பது. 1960களில் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய ஃபார்முலா வீ, வோல்க்ஸ்வேகன் வண்டு மகிழுந்தின் 1200 சி.சி. பொறியை அடிப்படையாகக் கொண்டது. அதே பத்தாண்டில் பிரித்தானியாவில் தோன்றிய ஃபார்முலா ஃபோர்டு, கோர்ட்டினா மகிழுந்தின் பொறியைப் பயன்படுத்தியது. இவ்விரண்டிலும் பொறி எளியது, மலிவானது, அனைவருக்கும் ஒன்றே. எனவே வெற்றி ஓட்டுநரின் திறமையையும், வண்டியைச் சீரமைப்பவரின் நுட்பத்தையும் சார்ந்திருந்தது.

முதல் முறைக்குப் பலவகைப் பொறிகளும் ஏராளமான போட்டியாளர்களும் தேவை. இந்தியாவில் 1980களில் இவ்விரண்டுமே இல்லை. ஃபார்முலா மாருதி இரண்டாம் முறையைச் சேர்ந்ததாகும்.

ஃபார்முலா மாருதி

தெரிவு செய்யப்பட்ட பொறி

1983 திசம்பரில் மாருதி உத்யோக் நிறுவனம் மாருதி 800 மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. சப்பானின் சுசுக்கி நிறுவனம் வடிவமைத்த இதன் பொறி, வரிசையாக அமைந்த மூன்று உருளைகளைக் கொண்டது. ஒவ்வோர் உருளையின் விட்டம் 68.5 மி.மீ. ஆகும். பிஸ்டன் 72 மி.மீ. தொலைவு நகரும். மூன்று உருளைகளின் மொத்தக் கொள்ளளவு 796 சி.சி. ஆகும். வால்வுகளை இயக்கும் கேம் தண்டு உருளைத் தலையின் மேற்புறம் அமைந்திருந்தது. தள்ளுதண்டுகளால் வால்வுகளை இயக்கிய அம்பாசடர், பத்மினி பொறிகளோடு ஒப்பிடுகையில் இது எடை குறைந்ததும் விரைந்து சுழலக்கூடியதுமாகும். இதன் திறன் 40 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவே. பந்தய நோக்கில் இது மிகச் சிறிய அளவாகும்.

எனினும் இப்பொறிக்கு வேறு சிறப்புகள் இருந்தன. மாருதி 800 குறுகிய காலத்தில் நாட்டின் மிகுதியாக விற்பனையாகும் மகிழுந்து ஆயிற்று. இதனால் அதன் பொறியும் உதிரிப் பாகங்களும் சிற்றூர்க் கடைகளில்கூடக் கிடைத்தன. அதனைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் எங்கும் உருவாயினர். மேலும் மாருதி 800 முன்சக்கர இயக்கம் கொண்டது. அதன் பொறி, பற்சக்கரப் பெட்டி, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தளிக்கும் அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே தொகுதியாக மகிழுந்தின் முன்புறம் குறுக்கே பொருத்தப்பட்டிருந்தன. இத்தொகுதியை அப்படியே எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தினால், பின்சக்கரங்களால் இயங்கும் பந்தய வண்டிக்குரிய அமைப்பு கிடைத்துவிடும். விலையுயர்ந்த தனிப் பற்சக்கரப் பெட்டியை இறக்குமதி செய்யத் தேவையில்லை.

வண்டி

ஃபார்முலா மாருதி வண்டி 1980களின் இறுதியில் களமிறங்கியது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த அடிச்சட்டம், திறந்த சக்கரங்கள், ஓர் ஓட்டுநருக்கு மட்டுமான இருக்கை, ஓட்டுநருக்குப் பின்னால் மாருதி பொறி என்பன இதன் அமைப்பாகும். விபத்தில் குழாய் வளைந்தால் அதனை வெட்டியெடுத்துப் புதியதைப் பற்றவைக்கலாம். இதனைச் சாதாரணப் பட்டறையிலேயே செய்ய முடியும்.

பின்னர் இவ்வகுப்பு இந்திய ஒற்றை இருக்கை மாருதி என்ஜின் ஃபார்முலா என்ற பொருள்தரும் எஃப்.ஐ.எஸ்.எஸ்.எம்.இ. என்ற சுருக்கப் பெயராலும் வழங்கலாயிற்று. வகுப்பின் பெயரிலேயே பொறியின் பெயரும் இடம்பெற்றது. அவ்வகையில் பொறித் தகுதி விதியே இதன் பெயராயிற்று எனலாம்.

விதியின் செயற்பாடு

ஒற்றைப் பொறி வகுப்பில் விதியைக் காப்பது எளிதன்று. வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரியான இரு பொறிகள் உள்ளே வேறுபட்டிருக்கலாம். உருளையைச் சிறிது அகலமாகக் கடைந்தால் கொள்ளளவு கூடும். உருளைத் தலையின் அடிப்பரப்பைச் சீவினால் எரிஅறை சுருங்கி அழுத்த விகிதம் உயரும். கேம் தண்டின் முனைகளை மாற்றியமைத்தால் வால்வுகள் நெடுநேரம் திறந்திருக்கும். ஆகவே இத்தகைய வகுப்புகளில் பந்தயத்திற்குப் பின் தொழினுட்பச் சோதனையாளர்கள் பொறியைத் திறந்து அளப்பது உலகெங்கும் வழக்கமாகும். உருளையின் விட்டத்தை உள்ளளவுக் கருவியால் அளப்பர். எரிஅறையின் கொள்ளளவை அளவுக் குழாயிலிருந்து எண்ணெயை ஊற்றிக் கணக்கிடுவர். சில போட்டிகளில் பொறிகளுக்கு முத்திரையிடப்படுவதும் உண்டு.

பொறி அனைவருக்கும் ஒன்றாகிவிட்டால், வேகத்தைத் தேட வேறு வழிகளே எஞ்சுகின்றன. திருப்பத்தில் எவ்விடத்தில் தடுப்பியை அழுத்துவது, எந்தப் பாதையில் திரும்புவது, வண்டியின் எடையை முன்பின் சக்கரங்களிடையே எவ்வாறு பகிர்வது என்பன போன்ற நுணுக்கங்கள் முதன்மை பெறுகின்றன. குறைந்த திறனுடைய வண்டியில் ஒருமுறை வேகத்தை இழந்தால் அதனை மீட்பது கடினம். எனவே வேகத்தை இழக்காமல் திருப்பங்களைக் கடக்கும் பழக்கத்தை ஓட்டுநர் கற்க நேர்ந்தது. பின்னாளில் வலிமைமிக்க வண்டிகளை ஓட்டச் சென்றவர்களுக்கு இது பயனுள்ள பயிற்சியாக அமைந்தது.

இருங்காட்டுக்கோட்டை

சோழவரம் ஓடுபாதை பந்தய மன்றத்திற்குச் சொந்தமானதன்று. ஆகவே மன்றம் திருப்பெரும்புதூர் அருகே, சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கித் தனக்கெனத் தடம் அமைத்தது. 1990 இல் திறக்கப்பட்ட இத்தடம், இந்தியாவில் பந்தயத்திற்கென்றே அமைக்கப்பட்ட முதல் நிலையான தடமாகும். இதன் முழுச் சுற்றின் நீளம் ஏறத்தாழ 3.7 கி.மீ.; 12 திருப்பங்களைக் கொண்டது. பின்னாளில் இது மெட்ராஸ் பன்னாட்டுத் தடம் எனப் பெயரிடப்பட்டது.

ஓடுபாதையிலிருந்து திருப்பங்கள் நிறைந்த தடத்திற்கு மாறியது ஃபார்முலா மாருதிக்குச் சாதகமாயிற்று. நேர்ப்பகுதியின் உச்ச வேகத்தைவிடத் திருப்பங்களில் காட்டும் திறமைக்கு இங்கு மதிப்பு கூடியது.

இத்தடம் திறக்கப்பட்டபோது சுற்றுப்புறம் பெரும்பாலும் வயல்களும் ஏரிகளும் கொண்ட சிற்றூர்களாகவே இருந்தது. இப்பகுதி தானுந்துத் தொழிலின் மையமானது அதற்குப் பின்னரே. ஹூண்டாய் நிறுவனம் 1996 இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து, 1998 இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. தெற்கே ஒரகடத்தில் 2010 இல் ரெனோ – நிசான் கூட்டுத் தொழிற்சாலையும், 2012 இல் டைம்லர் சரக்குந்துத் தொழிற்சாலையும், 2013 இல் ராயல் என்பீல்டு விசையுந்துத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. இப்பகுதியில் தொழிற்சாலைகள் பொறிகளை உற்பத்தி செய்யத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, வடநாட்டில் தயாரான ஒரு சிறு பொறி கோயம்புத்தூரில் செய்த அடிச்சட்டத்தில் அமர்ந்து இங்கு ஓடிக்கொண்டிருந்தது. ஹூண்டாயின் வருகைக்கு முந்தைய ஆண்டே கரிவரதன் மறைந்துவிட்டார்.

மறைவு

கரிவரதனுக்கு வானூர்திகளிலும் ஈடுபாடு இருந்தது. 1995 இல் நிகழ்ந்த சிறுவானூர்தி விபத்தில் இவர் உயிரிழந்தார். அப்போது இவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார். தாம் உருவாக்கிய வண்டியில் பழகியவர்கள் உலக அரங்கில் பெற்ற வெற்றிகளைக் காண இவருக்கு வாய்க்கவில்லை.

பின்வந்தோர்

கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 1990களின் தொடக்கத்தில் திருப்பெரும்புதூரில் நடைபெற்ற ஃபார்முலா மாருதி போட்டியில் தம் முதல் பந்தயத்தை ஓடினார். அதிலேயே முதல் மூவருள் ஒருவராக வந்தார். பின்னர் பிரித்தானியாவில் ஃபார்முலா ஃபோர்டு உள்ளிட்ட போட்டிகளில் பங்கேற்றார். 2005 இல் ஜோர்டான் அணிக்காக ஓடி, ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு ஐக்கிய அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம் பெற்றார்.

சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2000 ஆம் ஆண்டின் ஃபார்முலா மாருதி தேசியப் போட்டித் தொடரை வென்றார். 2010 இல் இவர் ஃபார்முலா 1 பந்தயங்களில் பங்கேற்ற இரண்டாவது இந்தியர் ஆனார்.

ஒற்றைப் பொறி என்ற கொள்கையும் தொடர்ந்தது. கோயம்புத்தூரின் எல்ஜிபி நிறுவனத்தின் பெயரால் வழங்கும் ஃபார்முலா எல்ஜிபி 4 வகுப்பு, மாருதி எசுடீம் மகிழுந்தின் 1298 சி.சி. பொறியைப் பயன்படுத்தியது. பொறி பெரிதாயினும், உள்நாட்டில் விற்பனையாகும் மகிழுந்தின் பொறியே தகுதியானது என்ற அடிப்படை மாறவில்லை.

நினைவு

கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்திற்கு இவரது நினைவாக கரி மோட்டார் ஸ்பீடுவே எனப் பெயரிடப்பட்டது. இதன் நீளம் ஏறத்தாழ 2.1 கி.மீ. ஆகும். இருங்காட்டுக்கோட்டையைப் போலவே இதுவும் தேசியப் போட்டிகளின் களமாக விளங்குகிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாமே உருவாக்கிய வண்டிகளை ஓட்டும் போட்டிகளும் இங்கு நடைபெறுகின்றன.

மதிப்பீடு

ஃபார்முலா மாருதியின் மீது குறைகளும் கூறப்படலாம். 40 குதிரைத்திறனை எட்டாத மகிழுந்துப் பொறியை அடிப்படையாகக் கொண்ட வண்டி, பன்னாட்டுத் தரத்திலிருந்து வெகு தொலைவில் இருந்தது. இதில் வென்றவர் வெளிநாடு சென்று மேல்நிலை வண்டிகளில் மீண்டும் தொடக்கத்திலிருந்தே கற்க வேண்டியிருந்தது. அதற்கான செலவை இவ்வகுப்பால் குறைக்க இயலவில்லை. ஃபார்முலா 1 வரை சென்ற இருவருமே பந்தயப் பின்னணியுடைய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதும் கருதத்தக்கது. பந்தயம் எளியோரின் விளையாட்டாக முழுமையாக மாறிவிட்டது எனக் கூற இயலாது.

ஆயினும் பந்தயத்தின் முதற்படி இவரால் உள்நாட்டிலேயே அமைந்தது. ஒரு பொறி பழுதானால் அடுத்த தெருவில் மாற்றுப் பாகம் வாங்க முடிந்தது. தோல்விக்குப் பொறியைக் காரணம் காட்ட முடியவில்லை. மாருதி 800 மகிழுந்தின் உற்பத்தி 2014 இல் முடிவடைந்தது. கரிவரதனின் பங்களிப்பு வேகச் சாதனை ஒன்றைப் படைத்ததில் அடங்குவதன்று. வீட்டு வாசலில் நின்ற மகிழுந்தின் பொறியே பந்தயத்திற்குப் போதுமானது என்பதைச் செயலில் காட்டியதே இவரது முதன்மையான பங்களிப்பாகக் கருதப்பட வேண்டும்.